பன்னிரண்டாம் கணக்கு

மடுல்சீமை
16 ஆகஸ்ட் 1909

தங்கச்சி கனகத்துக்கு அண்ணன் பொன்னையா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணிக்கு இருமல் விட்டுவிட்டது. நலம் விசாரிப்பு இதோடு போதும்.

வாத்தியார் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிய கல்லூரிப் பரீட்சையின் முடிவு வந்துவிட்டது. வாசிப்பு, எழுத்து, பாடம் நடத்துதல் எல்லாவற்றிலும் தேறியிருக்கிறேன். கணக்கில் பூச்சியம். முப்பது என்றோ நாற்பது என்றோ போட்டிருந்தால் என் புத்தி அவ்வளவுதான் என்று இருந்திருப்பேன். பூச்சியத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'பார்த்தெழுதியது' என்று எழுதியிருக்கிறார்கள். ஐம்பத்துநாலு வயதில் எனக்கு இந்தப் பெயர்.

காரணம் கேட்டு எழுதினேன். பதில் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டவை பன்னிரண்டு கணக்குகள். என் விடை பன்னிரண்டும் எனக்குப் பக்கத்தில் இருந்தவருடைய விடை பன்னிரண்டும் ஒன்றாம். பதினொன்று சரி. பன்னிரண்டாவதில் இருவருக்கும் ஒரே தப்பாம். அவர் வழி எழுதிக் காட்டியிருக்கிறார், நான் விடையை மட்டும் எழுதியிருக்கிறேன். ஆகையால் பார்த்தெழுதியவன் நானாம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காதவன் என்பதையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகுமுன், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவன் நான். நூறு கூடையின் எடையை மனதிலேயே கூட்டிச் சொன்னவன். வழி எழுது என்று எந்தத் துரையும் என்னைக் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் கணக்கும் தப்பில்லை. நீயே பார். 'ஒரு வாய்க்காலைப் பன்னிரண்டு ஆட்கள் இருபது நாளில் வெட்டுவார்கள். பதினாறு ஆட்கள் ஒரு மாதத்தின் முதலாம் தேதி திங்கட்கிழமை தொடங்கினால் எந்தத் தேதியில் முடிப்பார்கள்?' பதினைந்து நாள் வேலை. நடுவில் இரண்டு ஞாயிறு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கப் பெரட்டு ஏது? பதினேழாம் தேதி முடியும். அவர்கள் பதினைந்து என்கிறார்கள். எந்த ஊரில் ஞாயிறும் மண்வெட்டி பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தது யார் என்று நீ கேட்க வேண்டியதில்லை. உன் கொழுந்தன் ஜெயராசாதான். முதல் வகுப்பில் தேறியிருக்கிறார்.

நான் விடப்போவதில்லை.

பொன்னையா


பதுளை
29 ஆகஸ்ட் 1909

அண்ணனுக்குக் கனகம் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கடைக்கு வந்தது. இவர்தான் வாங்கி என் கையில் கொடுத்தார். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்கண்ணன் எழுத்து உறைய விட்டு வெளிய ஓடுது"என்று சிரித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

அண்ணே, தம்பி ஜெயராசா முதல் வகுப்பில் தேறியதற்காக இங்கே கோயிலில் பொங்கல் வைத்தார்கள். பஜார் முழுவதும் சர்க்கரை கொடுத்தார்கள். நான்தான் பொட்டலம் மடித்தேன். ஹாலிஎலையில் ஒரு பெரிய கடைக்காரர் வீட்டுப் பெண்ணைத் தம்பிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் நீங்கள் மனு போட்டால் நான் எங்கே நிற்பேன்? தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பெண் எடுத்தோம் என்பதை இந்த வீட்டில் இருபது வருஷமாக யாரும் மறக்கவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூடத் தோட்டத்துக் கை என்பார்கள்.

அடுத்த வருஷம் இன்னொரு முறை எழுதுங்களேன். வழியும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு அது பெரிதா?

என் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. ஞாயிறு என்று ஒரு நாள் உண்டு என்பதையே நான் மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் எல்லாத் தோட்டத்து ஆட்களும் பஜாருக்கு இறங்கி வருவார்கள். அன்றைக்குத்தான் இடுப்பு ஒடியும். இந்த வீட்டில் பிறந்தவர்களுக்குக் கிழமையே கிடையாது அண்ணே, தேதி மட்டும்தான். ஏழு நாளும் கதவு திறந்திருக்கும். தம்பிகூட மூன்று வயதிலிருந்து கடைப் படியில்தான் வளர்ந்தாராம்.

கோபிக்காமல் யோசித்துப் பாருங்கள். அண்ணிக்கு இரண்டு கொத்து வெங்காயம் நிஸாம் நானாவின் மாட்டு வண்டியில் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

கனகம்


மடுல்சீமை
12 செப்டம்பர் 1909

கனகத்துக்கு,

வெங்காயம் வந்தது. புத்திமதியும் வந்தது. வெங்காயம் நன்றாக இருந்தது.

அடுத்த வருஷம் எழுது என்கிறாய். பார்த்தெழுதியவன் என்று பேர் வாங்கினவன் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை மண்டபத்தில் கால் வைக்கக் கூடாது. அது உனக்குத் தெரியாது. ஜனவரியிலிருந்து சர்ட்டிபிகேட் இல்லாத ஆள் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்று தோட்டத்துப் பெரிய துரை சொல்லிவிட்டார். வேறு வாத்தியாரை அழைத்து வரவும் மாட்டாராம், இந்த மலைக்கு யார் ஏறி வருவார்கள் என்கிறார். பள்ளிக் கொட்டகையில் கொழுந்துக் கூடைகளை அடுக்கப்போகிறார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் அங்கே உட்காருகிறார்கள். மாரியாயி மகள் நேற்று முதல் தடவையாகத் தன் பெயரைத் தானே எழுதினாள். எழுதிவிட்டுப் பலகையைக் கீழே வைக்காமல் லயம் முழுவதும் தூக்கிக்கொண்டு போனாள். அவளிடம் போய் ஹாலிஎலைச் சம்பந்தம் கெட்டுவிடும், ஆகையால் பள்ளிக்கூடம் கிடையாது என்று சொல்லட்டுமா?

நீயும் கடைக்காரியாகிவிட்டாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

போன மாதமே நான் போட்ட முதல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. 'மதிப்பெண் மாற்றப்படாது. புதிய ஆதாரம் இருந்தால் மட்டும் எழுதவும்.' ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? என் தலையைத்தான் வெட்டி அனுப்ப வேண்டும்.

மறுநாள் எழுதுவது:

நேற்று இதை மூடவில்லை. மூடாததே நல்லது. உன் கடிதத்தைக் கோபமில்லாமல் இன்னொரு முறை வாசித்தேன்.

கிழமையே கிடையாது, தேதி மட்டும்தான் என்று எழுதியிருக்கிறாய். அங்கே நின்றுவிட்டேன். கனகம், அவர் கடைப் படியில் வளர்ந்தவர். வேலைக் கணக்கில் ஞாயிறைக் கழிக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? பெரட்டில் நின்றவன்தான் ஞாயிறைக் கழிப்பான். பதினேழு என்ற விடை தோட்டத்தில் பிறந்த விடை. அது என் தாளிலிருந்து அவர் தாளுக்குப் போகலாம், அங்கிருந்து என்னிடம் வர முடியாது. பதினொரு சரியான விடை காட்டாததை அவர்கள் தப்பு என்று அடித்த ஒரு விடை காட்டுகிறது.

உடனே மனு எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் கை நின்றது. இந்த ஆதாரம் உன் வீட்டு வாசலைக் காட்டுகிறது. அதை எனக்குத் தந்ததும் நீ. உனக்குத் தெரியாமல் போட்டால் நானும் பார்த்தெழுதியவன்தான்.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். உறையை மூடி, முத்திரை ஒட்டி, விலாசமும் எழுதியிருக்கிறது. தபாலில் போடு, அல்லது அடுப்பில் போடு. அடுப்பில் போட்டால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நான் இப்படி எழுதியது இதுதான் முதல் தடவை. உன் அண்ணி நம்பவில்லை, இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பொன்னையா


பதுளை
6 அக்டோபர் 1909

அண்ணனுக்கு,

மூன்று வாரமாக உங்கள் மனு அரிசிப் பானைக்குள் இருந்தது. ஒவ்வொரு வேளையும் அரிசி அள்ளும்போது விரலில் பட்டது. கடைக்காரி என்று எழுதினீர்களே, அந்தக் கோபத்தில் இரண்டு தடவை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் இவருக்கும் தம்பிக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"தம்பி, ஒண்ணாந்தேதி திங்கக்கெழமை தொடங்குன வேலை, பதினஞ்சு நாள் வேலை. எப்ப முடியும்?"

"பதினஞ்சாந்தேதி அண்ணி. இது என்ன கணக்கு?"

"அப்ப பரிச்சையில ஏன் பதினேழுன்னு எழுதுனீங்க?"

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இவருக்குப் புரிந்துவிட்டது. இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "லயத்துல கெடக்குற மனுசனுக்கு சர்ட்டிபிகேட் எதுக்கு? மாட்டி வைக்கச் சுவரு இருக்கா அங்க?"தம்பி அதற்குச் சிரித்தார், அண்ணே. பயம் தீர்ந்த சிரிப்பு. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் பானைக்குள்ளேயே வைத்திருப்பேனோ என்னவோ.

நானும் அந்தச் சுவருக்குள்தான் பிறந்தேன். மோர் ஊற்றினேன். இலை எடுத்தேன். கை கழுவினேன். உறையில் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்தேன். குடையை விரித்துக்கொண்டு கடை வழியாகவே இறங்கி நடந்தேன். கல்லாவில் உட்கார வந்த இவர், "எங்க போறே?"என்றார். "தபால் கந்தோருக்கு"என்றேன். இருபது வருஷத்தில் கடை நேரத்தில் நான் தனியாகத் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான்.

போட்டாகிவிட்டது. இனிமேல் நீங்கள் விட்டுவிடுகிறேன் என்று சொன்னாலும் நான் விடமாட்டேன்.

இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

கனகம்


மடுல்சீமை
22 நவம்பர் 1909

என் தங்கச்சிக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீ வாசலில் நின்றாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நீ கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் திரும்பி வரும்போது பசறை தாண்டித்தான் பிரித்தேன். அதுவரைக்கும் பசி தெரியவில்லை.

பதுளைக்கு வரச் சொல்லிப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரையின் கடிதம் வந்ததும் மழை தொடங்கிவிட்டது. பசறை வரைக்கும் நடந்தேன், அட்டைகள் கூடவே வந்தன. அங்கிருந்து நிஸாம் நானா வண்டி. "எதுக்கு மாஸ்டர் இந்த மழையில?"என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு ஞாயித்துக்கெழமைக்காகவா?"என்றார். ஆமாம் என்றேன். பிறகு பதுளை வரும்வரை அவர் மாட்டோடு மட்டும்தான் பேசினார்.

மண்டபத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர் துரை; தமிழ் பேசுகிறார், நாக்குதான் கொஞ்சம் தடுக்கிறது. மற்றவர் பூச்சியம் போட்ட கணக்கு ஆசிரியர். முதலில் புதிதாக ஐந்து கணக்கு வாயால் கேட்டார்கள். நின்றபடியே சொன்னேன். ஐந்தாவதற்கு அவர்கள் காகிதத்தில் போட்டு முடிக்கும்வரை நான் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர், வழி எங்கே என்றார்.

"தலைக்குள்ள இருக்குங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். விடை என்னான்னுதானே தாள்ல கேட்டிருந்துச்சு."

துரை பன்னிரண்டாம் கணக்கை எடுத்தார். பதினேழு எப்படி வந்தது என்றார். ஏழும் பதினாலும் ஞாயிறு, பெரட்டு கிடையாது என்று சொன்னேன். அது தோட்டத்து வழக்கம், கேள்வியில் அப்படி இல்லையே என்று ஆசிரியர் குறுக்கே வந்தார்.

"அப்ப திங்கக்கெழமைன்னு எதுக்குங்க எழுதுனீங்க? ஞாயிறு வேணாம்னா திங்களும் வேணாமே."

ஆசிரியர் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்.

பிறகு ஜெயராசாவைக் கூப்பிட்டார்கள். அவருடைய தாளில் வழி அழகாக எழுதியிருந்தது, பதினைந்து நாள் என்று முடிந்தது, கீழே விடை பதினேழாம் தேதி என்று இருந்தது. நடுவில் இரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று துரை கேட்டார். கை தவறிவிட்டது என்றார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரியா கை தவறும் என்று துரை கேட்டார். ஜெயராசா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பதினஞ்சுதான் வந்துச்சு. பெரியவர் பதினேழுன்னு போட்டிருந்தாரு. அவரு கணக்கு தப்பாதுன்னு நம்பி மாத்திட்டேன்."

கேட்டாயா கனகம்? சொந்தக் கணக்கை நம்பியிருந்தால் அவர்கள் தேடிய விடையே அவரிடம் இருந்திருக்கும். என்னை நம்பித்தான் மாட்டிக்கொண்டார். அந்த மண்டபத்தில் எனக்குக் கிடைத்த முதல் நற்சாட்சி அது. சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், எனக்குப் பொய் வராது. அவர் முகத்தைப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. முழுவதும் குறையவில்லை.

துரை சிவப்பு மையை எடுத்து, 'பார்த்தெழுதியது' என்பதை என் கண் முன்னால் அடித்தார். ஒரே கோடு. நான் இன்னொரு கோடும் போடச் சொன்னேன். போட்டார்.

வாசலில் நீ குடையோடு நின்றதைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. அதனால்தான் 'மழை அதிகம்' என்று மட்டும் சொன்னேன்.

பொன்னையா


பதுளை
9 டிசம்பர் 1909

அண்ணனுக்கு,

மழை அதிகம் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். வந்த பிறகுதான் அழுதேன்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். தம்பியின் முதல் வகுப்பை எடுத்துவிட்டார்கள். தாமே ஒப்புக்கொண்டதால் மூன்று வருஷத் தடை இல்லை, அடுத்த வருஷமே எழுதலாமாம். ஒரு வாரம் கடைக்குப் பின்னாலேயே இருந்தார். ஹாலிஎலைக்காரர்கள் வந்தார்கள். இவர் வேர்க்க விறுவிறுக்க விஷயத்தைச் சொன்னார். பெண்ணின் அப்பா வெற்றிலையை மென்றபடியே, "நாங்க கடைக்குத்தான் பொண்ணு குடுக்குறோம், காகிதத்துக்கு இல்ல"என்றார். தை மாதம் கல்யாணம். இதற்காகத்தான் நான் மூன்று வாரம் பானையில் மனுவை ஒளித்தேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று தம்பி அடுப்படிக்கு வந்து நின்றார். பிறகு, "அண்ணி, பெரியவரு எம்மேல கோவமா இருக்காரா?"என்று கேட்டார். "அவரு ஒலகத்து மேலயே கோவமா இருக்காரு, ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல"என்றேன். வழி எழுதாமல் மனதில் கூட்டுவது எப்படி என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இவரும் பேசத் தொடங்கிவிட்டார். முதல் பேச்சே, "ஒங்கண்ணனுக்கு சர்ட்டிபிகேட் எப்ப வருது?"என்பதுதான். பஜாரில் எல்லோரும் கேட்கிறார்களாம். இப்போது என் மச்சான் என்று சொல்லிக்கொள்கிறார்.

இன்னொன்று. வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். நிஸாம் நானா வண்டியில் பசறை வரைக்கும், அப்புறம் நடை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உங்களோடு இருந்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையை யார் பார்ப்பது என்று இவர் கேட்டார். "கெழமையா? இந்த வூட்டுல அப்படி ஒண்ணு இருக்கா?"என்றேன். தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கனகம்


மடுல்சீமை
14 டிசம்பர் 1909

கனகத்துக்கு,

சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. முதல் வகுப்பு. பெரிய துரை வாங்கிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் நடக்கட்டும் என்றார். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கூரை ஒழுகுகிறது, தகரம் வேண்டும் என்றேன். மூன்று தகரம் நாளைக்கு வருகிறது. கொழுந்துக் கூடைகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

போன சனிக்கிழமை பெரட்டில் பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டு, முந்நூறு பேர் கேட்க அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மாரியாயி தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். இவ்வளவு நாளும் பேர் கூப்பிட்டால் 'வந்தேன்' என்று சொல்வதற்கு மட்டும் பெரட்டுக்குப் போனவன் நான். அன்றைக்கு என் பெயரை நானே கூப்பிட்டேன். கீழே கோயிலில் தப்பு மேளம் அடித்தார்கள். யார் சொல்லி அடித்தார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை.

மாட்டி வைக்கச் சுவர் இருக்கிறதா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. இருக்கிறது. பள்ளிக்கூடத்தில், ஒழுகாத பக்கம். ஆணி அடித்தாயிற்று.

ஜெயராசாவுக்குச் சொல். மனக்கணக்கு கற்றுக்கொடுத்து வருவதில்லை, வாயை மூடிப் பழகி வருவது. பெரிய எண்ணை முதலில் பிடிக்க வேண்டும், சில்லறையைப் பிறகு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். வேண்டுமானால் அவரும் ஒரு நாள் மலையேறி வரட்டும். சோறு உண்டு. பக்கத்தில் உட்கார வைக்கமாட்டேன், எதிரே உட்கார வைப்பேன்.

நீ வருவது அண்ணிக்குத் தெரிந்த நிமிஷத்திலிருந்து இங்கே கோழிக்கு உயிர் பயம் வந்துவிட்டது.

இவ்வளவுதான் நல்ல செய்தி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கணக்கில் எனக்குப் போட்டிருப்பது தொண்ணூற்றைந்து. பன்னிரண்டாம் கணக்குக்கு ஐந்து மதிப்பெண், அதைத் தரவில்லை. பதினேழு என்னுடைய விடைதான் என்று ஒப்புக்கொண்டார்களே தவிர, அது சரியான விடை என்று ஒப்புக்கொள்ளவில்லை. முதல் வகுப்பு கிடைத்துவிட்டதே, இன்னும் ஐந்து எதற்கு என்று உன் அண்ணி கேட்கிறாள். தோட்டம் முழுவதும் அதைத்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கிறது என்று ஒரு கல்லூரி எழுதி வைத்திருக்கும்வரை நான் எப்படிச் சும்மா இருப்பேன்? பெரிய துரை அதை வாசித்துவிட்டால் என்ன ஆகும்?

மனு எழுதி முடித்துவிட்டேன். மடுல்சீமைத் தபாலில் போடப்போவதில்லை. போன தடவை உன் கையால் போட்டுத்தான் ஜெயித்தது. ஆகையால் நீ வரும்போது உன்னிடம் தருகிறேன், திங்கட்கிழமை திரும்பும் வழியில் பசறையில் சேர்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை சேர்க்க முடியாது. அன்றைக்குச் சர்க்கார் தபால் கந்தோரே பூட்டியிருக்கும்.

அதையும் மனுவின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.

பொன்னையா
சர்ட்டிபிகேட் பெற்ற ஆசிரியர், முதல் வகுப்பு